சுவரிடம் பேசிய பங்காளி

நண்பர்களே, இப்போது நான் சொல்லப்போவதை உங்களில் ஒருத்தர்கூட நம்பப்போவதில்லை. அதற்கு நான் ஜாமீன். மீறி யாராவது நம்பிவிட்டால் பின்விளைவுகளுக்கு நான் பொறுப்பில்லை.

புது டிஸ்டம்பர் வாசம்...

அருப்புக்கோட்டையிலிருந்து பாலவனத்தம் போகிற ரோட்டில் ஒரு வீடு. ரோஸ் கலர். மத்தியான வெயிலில் அதைப் பார்த்துக் கண் கூசி, பறந்துகொண்டிருந்த கொக்கெல்லாம் ரோட்டில் இறங்கி நடந்து போகும். அப்படி ஒரு பெயின்ட்.

என் வீட்டுக்காரி தனத்துக்குக் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ஓனரிடம் போய் நிற்க வேண்டும். அதனால் அவள் நகையை விற்று, மிச்சத்துக்கு லோன் போட்டு, இந்த வீட்டை முடித்துவிடுவது என்று தீர்மானம். மறுநாள் காலையில் அட்வான்ஸ். இதில் கோட்டை விட்டால் எங்கள் ஆயுளில் இன்னொரு வீடு கிடையாது.

விவரம் தெரிந்த ஆட்களை விசாரிக்காமல் இல்லை. விசாரித்தேன். அதுதான் வம்பே. எங்கள் ஊரில் புரோக்கர், வக்கீல் என்று தனியாக யாரும் கிடையாது. எல்லாரும் சொந்தக்காரர்கள்.

புரோக்கர் எனக்கு மாமா முறை.

"அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் மாமா?"

"என்ன மாப்ள, நமக்குள்ள போயி இதெல்லாம் கேட்டுக்கிட்டு..."

பத்திரம் பார்த்த வக்கீல் சகலை.

"வில்லங்கம் ஏதும் இருக்கா சகல?"

"மாமா முன்ன நின்னு முடிக்கிற காரியத்துல வில்லங்கம்னு சொன்னா, அவுக மனசு என்ன பாடுபடும் சகல?"

இப்படியே எல்லாரும். கேள்வி கேட்டால் காபி வந்தது. இன்னொரு கேள்வி கேட்டால் காராச்சேவு வந்தது. பதில் மட்டும் வரவே இல்லை.

கட்டடம் பார்க்கத் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். கணேசன், என் பெரியப்பா மகன், இன்ஜினியர். ஆனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. என் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அறுந்த பேச்சு. உலக நாடுகளெல்லாம் தூது அனுப்பிப் பார்த்தன. வந்தவர்கள் இரண்டு வீட்டிலும் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, "கஷ்டம்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

ஆம்பிளைகளுக்குத்தான் இந்த விரதமெல்லாம். தனமும் அவன் வீட்டுக்காரியும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்கள். நான் வீடு பார்க்கிற சங்கதி அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது.

அட்வான்ஸுக்கு முந்தின நாள் கடைசியாக ஒரு தடவை வீட்டைப் பார்க்கப் போனோம். நான், தனம், மாமா. பைக் சத்தம் கேட்டது. கணேசன்.

நேரே உள்ளே வந்தான். என்னைப் பார்க்கவில்லை. ஹாலில் ஒரு சுவருக்கு முன்னால் போய் நின்றான்.

"ஏ செவரே, ஒனக்கு எப்ப பூசுனாக?"

மாமா திகைத்துப்போனார். "என்ன மாப்ள, செவத்துட்ட பேசுற?"

"இங்க வேற யாருட்ட மாமா எனக்குப் பேச்சு?"

நான் விடுவேனா? "தனம், செவத்துட்ட பேசுறவுகட்ட சொல்லு. அழகுக்குப் பூசுனதாம்."

"நீங்களே சொல்லுங்க. ஒரு முழம் தள்ளித்தான நிக்கிறாக," என்றாள் தனம்.

கணேசன் சுவரைத் தட்டினான். "அழகுக்குப் பூசுனா நாலு செவத்துக்கும்ல பூசிருக்கணும். ஒன்னைய மட்டும் எதுக்குப் பூசுனாக?"

பைக் சாவியால் ஒரு சுரண்டு. பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. மேலிருந்து கீழே வரை விரிசல்.

விரிசலா அது? அதன் வழியாகப் பார்த்தால் பாலவனத்தம் தெரிந்தது. கொஞ்சம் எக்கிப் பார்த்தால் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு. அங்கே புறப்படத் தயாராக நின்ற மதுரை பஸ்ஸில் ஜன்னலோரமாக யார் உட்கார்ந்திருந்தார் என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

"ஒன் மேல தப்பில்ல செவரே," என்றான் கணேசன். "இந்தக் கரிசல்ல ரெண்டடி அஸ்திவாரத்துல ஒன்னைய நிப்பாட்டிருக்காக. ஐப்பசி மழைக்கு மண்ணு பொங்கும், சித்திர வெயிலுக்குப் பொளக்கும். நீ என்ன செய்வ? ஒன்னைய வாங்க ஒரு கேனப்பய வருவான்னு தெரிஞ்சுதான் கட்டிருக்காக."

"ஏம் மாப்ள, சொந்தத்துக்குள்ள இப்படித் தோண்டித் துருவுனா நல்லாவா இருக்கு?" என்றார் மாமா.

தனம் கழுத்துச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அந்த விரிசலையே பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அட்வான்ஸ் அதோடு முடிந்தது.

அப்புறம் சில வருஷம் கழித்து இப்போது இருக்கிற வீட்டை வாங்கினோம். அதற்கும் கணேசன் வந்தான். எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றிடம் மட்டும், "நீ பரவால்ல" என்றான். தனத்துக்கு அது போதுமாக இருந்தது.

இன்றைக்கு என் மகள் மதுரையில் ஃபிளாட் தேடுகிறாள். எல்லாம் போனில்தான். புரோக்கருக்கு ஐந்து ஸ்டார், வக்கீலுக்கு ஐந்து ஸ்டார், இன்ஜினியருக்கு நாலரை. போன் பண்ணினால் "சொல்லுங்க சார்" என்று தேனாகப் பேசுகிறார்கள். எனக்குக் குலை நடுங்குகிறது. என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காத ஒரு இன்ஜினியர் வேண்டும் என்றால், அதற்கு அந்தப் போனில் வழியே இல்லையாம்.

சரி... கொக்கு நடந்தது பொய். தூது வந்தது பொய். விரிசலில் விரல்கூட நுழையாது.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். கணேசன் அந்த ரோஸ் வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவனுக்கு வீரசோழனில் ஒரு வீட்டுக்கு கான்கிரீட் போடுகிற நாள். ஆட்களை நிறுத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறான். தனம் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவன் எப்படிச் சொல்வான், எங்களுக்குள்தான் இன்று வரை பேச்சு இல்லையே.