ஐம்பத்திரண்டு நிமிடம் முந்திய கோள்

அட்லஸ் மலையில் தொலைநோக்கிக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் இத்தோவுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ரமலான் வந்தால் மொராக்கோ முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் கணினிக் கடிகாரம் தானே பின்னே போனது தெரியாமல் அவள் மறுபடியும் ஒரு மணி பின்னே தள்ளிவிட்டாள். ஒரு மாதப் பதிவு முழுக்க ஒரு மணி முந்திப்போய்க் குட்டிச்சுவராகிவிட்டது.

இந்த ரமலானில் அவள் பார்த்துவந்த விண்மீனை ஒரு கோள் ஒன்பது நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அது குறுக்கே வந்தால் வெளிச்சம் துளி மங்கும், அவ்வளவுதான். அந்த மங்கல் இந்த முறை ஐம்பத்திரண்டு நிமிடம் முன்னதாகவே விழுந்தது.

சாயங்காலம் மராகேஷிலிருந்து போனில் ஆய்வுக் குழுத் தலைவர் ஜுபைர், மரியாதைக்கு ‘லல்லா’ போட்டுக்கொண்டே சிரித்தார். “மறுபடியுமா, லல்லா இத்தோ? நோன்பு மயக்கமா? அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுடறேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “போடாதீங்க, உஸ்தாத். கடிகாரத் தப்புன்னா அறுபது நிமிஷம்ல இருக்கணும்? மிச்சம் எட்டு நிமிஷத்தை யாரு தின்னா? போன தடவை முப்பத்துநாலு முந்துச்சு, மேகம்னு நீங்கதான் தள்ளிட்டீங்க. பக்கத்துல இன்னொரு கோள் இருந்து இதை இழுக்குது.”

“நிரூபிங்க.”

“அடுத்த தடவை எழுபது நிமிஷம் முந்தி வரும். அப்போ பெருநாளே முடிஞ்சிருக்கும். நம்ம கையே பட வேண்டாம், சிலி நாட்டுத் தொலைநோக்கிக்காரங்க பார்க்கட்டும். வரலேன்னா கூடத்துச் சாவியை நானே கொண்டாந்து தர்றேன்.”

நோன்பு திறக்க ஹரீரா சூப் ஊற்றிக்கொண்டிருந்த கூடத்து டிரைவர் பாஸ்ஸுவின் கரண்டி நின்றுபோனது. “வாயை விட்டுட்டியே, தங்கச்சி! வேலை போனா ரொட்டிக்கு என்ன வழி?”

“வரும்ணே. நீ சூப்பை ஊத்து.”

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் காலை ஜுபைர் கூப்பிட்டார். இந்த முறை சிரிப்பில்லை. “எழுபத்தோரு நிமிஷம். நிச்சயமா இன்னொண்ணு இருக்கு. அறிக்கையில உங்க பேர்தான் முதல்ல. தப்பு என்னுது, லல்லா.”

அவரைக் கிழித்துத் தொங்கவிட ஒன்பது நாளாகச் சேர்த்துவைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ ஓடிவிட்டது. பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது.

“உங்ககிட்ட வீறாப்பாப் பேசிட்டேனே தவிர, உஸ்தாத், அந்தக் கணினிக் கடிகாரத்தைத் தினம் நாலு தடவை எட்டிப் பார்த்துட்டுத்தான் இருந்தேன்,” என்றாள்.