என் டயறியை வாசித்தவர்

படிப்பிக்கப் போன முதல் வருடத்திலேயே நான் களவாக ஒரு படம் பார்த்தேன். அது வலிகாமத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம். அதை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணியை மிசியம்மா என்போம். விடுதியில் தங்கும் ஆசிரியைகள் படம் பார்க்கப் போகக்கூடாது என்பது அவருடைய கட்டளை. படம் பார்த்தது குற்றமென்றால், யாரோடு போனேன் என்பது அதைவிடப் பெரிய குற்றம். என்னோடு வந்தவர் ஆண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர், சைவர். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். துணைக்கு வந்த அவருடைய தமக்கை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தார். படத்தில் அரசி அழுதபோது தமக்கையாரும் அழுதார். நான் இருட்டில் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து ஒன்று விடாமல் டயறியில் எழுதி, றங்குப்பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் தையல் ரீச்சர். வயதில் நன்றாக மூத்தவர், கலியாணம் கட்டாதவர். பெற்றோர் இல்லாதபடியால் விடுமுறைக்கும் எங்கும் போகமாட்டார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்தவர் அவர்தான். காலையில் என் தலைமயிரைச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவதும் அவர்தான். நாளாக நாளாக அந்த அன்பு எனக்கு மூச்சு முட்டியது. 'அக்காவின் கை தலையில் பட்டால் எழும்பி ஓடவேண்டும் போலிருக்கிறது' என்று அதையும் டயறியில் எழுதினேன்.

மறுநாளிலிருந்து அவர் என் தலையைத் தொடவில்லை.

முதலில் அப்பாடா என்றிருந்தது. பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், என் முகத்தைப் பாராமல், "அழுகிற படமெண்டால் எனக்குப் பிடியாது பிள்ளை" என்றார். நான் படம் பார்த்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது. என் டயறிக்கு மட்டும்தான் தெரியும்.

அதன்பிறகு டயறியில் பொய்யாக ஒரு வரி எழுதினேன். வருகிற சனிக்கிழமை கீரிமலையில் கணக்கு வாத்தியாரைச் சந்திக்கப் போகிறேன் என்று. அந்தச் சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கீரிமலைக்குப் போனேன். அக்கா அங்கே இருக்கக்கூடாது என்று பஸ்ஸில் வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். கேணிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, குடையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "எட, எங்கடை ரீச்சரெல்லே! தனியவே வந்தனீங்கள்? வாங்கோ, புட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறன், சாப்பிடுவம்" என்றார். அக்கா எழும்பி வந்தார். அம்மா குளிக்கப் போகும்வரை மூன்று பேரும் ஊர்க்கதை கதைத்தோம்.

"ஏனக்கா?" என்று கேட்டேன்.

"ஆர் உம்மைக் காப்பாத்திறது? ஊர் என்ன சொல்லும்?" குடையை மடக்கிக் கீழே வைத்தார். "முழுக்க வாசிச்சனான். இவ்வளவு நாளும் பக்கத்திலை படுத்தெழும்புறன். என்னைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் அதிலை இல்லையே பிள்ளை."

அவர் அங்கே இருந்தால் சண்டை பிடிப்பதென்று வந்தவள் நான். புட்டுப் பொட்டலத்தை அவிழ்த்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

திங்கட்கிழமை மிசியம்மா கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு முன்னரே அக்கா போய்ப் படத்தைப் பற்றியும் டயறியைப் பற்றியும் சொல்லியிருந்தார்.

"நீர் அந்தப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவர வேண்டும்" என்றார் மிசியம்மா. அவருடைய தமிழ் எப்போதும் வேதாகமத் தமிழ்.

"படம் பார்த்தது உண்மை அம்மா. அதுக்கு என்ன தண்டனையெண்டாலும் தாங்கோ. டயறி என்ரை. தரமாட்டன்."

"மறைக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் பயப்படுகிறீர்?"

அன்றைக்கே வேலை போயிற்று. புறப்படுமுன் குசினி அடுப்பில் டயறியைத் தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். அறைக்குத் திரும்பியபோது அக்கா என் சேலைகளை மடித்து றங்குப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை.

அந்தக் கிழமையே கணக்கு வாத்தியார் சைக்கிளில் எங்கள் வீட்டுப் படலை வரைக்கும் வந்தார். எனக்கு வேலை போனதைக் கேள்விப்பட்டு ஓடி வந்தார் என்று நினைத்தேன்.

"என்ரை பேரை அதிலை எழுதினனீரோ?" என்று கேட்டார். அவர் முதலில் கேட்டது அதுதான்.

"எழுதினனான். எரிச்சுப்போட்டன்."

"நல்ல வேலை செய்தீர்." அவருடைய முகம் தெளிந்தது. "எங்கடை பள்ளிக்கூட மனேச்சர் கேள்விப்பட்டால் என்ரை உத்தியோகமும் போயிருக்கும்." இனி என்ன செய்யப் போகிறீர் என்று அவர் கேட்கவேயில்லை. 'உள்ளுக்கு வாங்கோ' என்று நானும் சொல்லவில்லை.

அடுத்த தவணை சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சில மாதங்கள் கழித்து அவருடைய தமக்கையார் கலியாணப் பேச்சோடு வந்தார். சமயம் மாற வேண்டியதில்லை, வீட்டில் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள் என்றார். நான் வேண்டாமென்றேன். அந்த அம்மாள் அழுதுகொண்டே திரும்பிப் போனார். நான் வேதத்தை விட மனமில்லாமல்தான் மறுத்தேன் என்று அம்மா வேதக் கோயிலில் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னார். அது அப்படியில்லை, படலையில் அவர் முதலில் கேட்ட கேள்விதான் காரணம் என்று நான் அம்மாவுக்குக் கடைசிவரை சொல்லவில்லை.