செல்லப்பாண்டியின் பஞ்சர் ஆகாத டயர்

செல்லப்பாண்டியைத் தாராவியில் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவர் பேச்சைக் கடைசிவரை கேட்டு முடித்தவர்கள் அதைவிடக் குறைவு. சைக்கிளில் இட்லி விற்கிறவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே பம்பாய்க்கு வந்தவர், தோல் பட்டறை, சோப்புக் கிடங்கு, ஹோட்டலில் மாவாட்டுவது என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எந்த முதலாளியோடும் ஒத்துப்போகாமல் கடைசியில் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தார். சைக்கிள் எதிர்த்துப் பேசாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மனைவி சொர்ணம்மாள் இருட்டோடு எழுந்து இட்லி அவிப்பாள். இவர் கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, ஹேண்டில்பாரில் சாம்பார்த் தூக்கையும் சட்னி வாளியையும் மாட்டிக்கொண்டு செம்பூர் வரைக்கும் மிதிப்பார். அங்கே போய் ரப்பர் ஹாரனைப் 'பாம் பாம்' என்று அமுக்கினால் போதும், மாடியிலிருந்து பாத்திரங்கள் இறங்கி வரும்.

பம்பாய்ச் சாலையில் சைக்கிள்காரனுக்கு என்று ஓர் இடம் கிடையாது. இடது ஓரம் ஆட்டோக்காரனுடையது, நடுரோடு காருடையது, மிச்சமெல்லாம் பைக்குக்காரனுடையது. நடைபாதையும் பைக்குக்காரனுடையதுதான். அதனால் இட்லிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தனியாகப் போனால் கார்க்காரன் உரசித் தள்ளுவான். இரண்டு சைக்கிள் ஒட்டிக்கொண்டு போனால், ஏதோ ஒரு வண்டி போகிறது என்று கொஞ்சம் ஒதுங்குவான். ஆகவே சோடி சோடியாக, முன்னும் பின்னுமாகப் போவார்கள். பின்னால் வருகிறவனுக்கு முன்னவனுடைய பாத்திரம்தான் தெரியும், ரோடு தெரியாது. முன்னவன்தான் பார்த்து ஹாரனால் சொல்லவேண்டும். ஒரு அமுக்கு என்றால் குழி. இரண்டு என்றால் நிறுத்தி வைத்த வண்டி. விடாமல் அமுக்கினால் ஆணியோ கண்ணாடியோ கிடக்கிறது, விலகு. சத்தமே இல்லையென்றால் ரோடு சுத்தம். அந்த நம்பிக்கையில்தான் பின்னவன் மிதிப்பான்.

செல்லப்பாண்டிக்குப் பின்னால் எப்போதும் வருகிறவன் மாரிக்கண்ணன், அடுத்த சந்துக்காரன். வயதில் இளையவன், அதிகம் பேசாதவன். செல்லப்பாண்டியோடு சோடி சேர வேறு மாதிரி ஆளால் முடியாது.

இந்த நேரத்தில்தான் அந்த டயர் வந்தது. ஆன்லைன் சாமான் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிற மகள் மாலதி, அப்பா வாரம் தவறாமல் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சலித்து, பஞ்சரே ஆகாத டயர் இரண்டு வாங்கிப் போட்டாள். உள்ளே கனத்த ரப்பர் பட்டை வைத்த டயர். ஆணி குத்தினாலும் டியூப் வரை போகாது. செல்லப்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. புது மாப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி சந்து முழுக்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"ஏ மாரி, இந்தா ஆணி. குத்திப் பாரு."

"எதுக்கு அண்ணாச்சி? நல்ல டயரு."

"குத்துலங்கேன்! ஒண்ணும் ஆவாது. இனிமே அந்தப் பஞ்சர்க்கட நஜிமுதீன் மூஞ்சில முழிக்கவே வேண்டாம். நீயும் ஒண்ணு வாங்கிப் போடு. ஒன் டயரு நூலு தெரியுதுல்லா?"

"பாப்போம் அண்ணாச்சி" என்றான் மாரிக்கண்ணன். எதற்கும் அவன் அதைத்தான் சொல்வான்.

டயர் வந்த பிறகு செல்லப்பாண்டி ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முன்பெல்லாம் ஒரு சின்னச் சில்லு மின்னினாலும் சக்கரத்தைத் திருப்புவார், கை தானாக ஹாரனுக்குப் போகும். இப்போது தலை நிமிர்ந்துவிட்டது. கார்க்காரர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டு, மோனோ ரயில் போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு, பவனி போகிறவர் மாதிரி மிதித்தார். இதெல்லாம் அப்போது அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துத் தெரிந்துகொண்டார்.

அன்று மழை விட்டிருந்தது. சயான் தாண்டிச் செம்பூர்ப் பக்கம் திரும்பிய ரோட்டில் யாரோ பாட்டிலை உடைத்துப் போட்டிருந்தார்கள். செல்லப்பாண்டி தூரத்திலேயே பார்த்துவிட்டார். பார்க்கவில்லை என்றால் கதையே வேறு. பார்த்தார், 'டயரோட பவுசு என்னன்னு பாப்போம்' என்று நேராக அதன்மேல் விட்டார். சக்கரத்துக்கு அடியில் கரகரவென்று நொறுங்கியது. டயருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் ஹாரன் மறந்துபோனது.

பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம், அதன் மேலேயே பாத்திரம் உருளுகிற சத்தம். மாரிக்கண்ணனின் முன்சக்கரம் வெடித்து, சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து, அவன் ரோட்டின் நடுவில் விழுந்திருந்தான். பின்னால் வந்த ஒரு சின்னக் காரின் சக்கரம் அவன் காலில் ஏறி நின்றது. இட்லிகள் ரோடெல்லாம் கிடந்தன.

செல்லப்பாண்டி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து பானெட்டில் ஓங்கி அடித்தார். "கண்ணு பொடதியிலயா இருக்கு? அந்தா ஹை க்யா, குருடா? ஆளு மேல ஏத்துதே!" என்று முதலில் கத்தியவர் அவர்தான். காரிலிருந்து ஒரு இளம்பெண் இறங்கினாள். "அவர் திடீர்னு விழுந்தார்..." என்று ஆரம்பித்தவளைக் கூட்டம் பேச விடவில்லை. கார்க்காரி, அதுவும் பெண், அதுவும் காலை நேரத்து அவசரம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பம்பாயில் கூட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல அதிக நேரம் ஆகாது.

மாரிக்கண்ணனைத் தூக்கக் குனிந்தபோதுதான் செல்லப்பாண்டி கண்ணாடியைப் பார்த்தார். ஈரத்தில் நொறுங்கிக் கிடந்தது. அதன் நடுவே அகலமாக ஒரு சக்கரத் தடம் போயிருந்தது. அது யாருடைய தடம் என்று வேறு யாருக்கும் தெரியாது. அதுவரை நிற்காமல் பேசிய வாய் அடைத்துக்கொண்டது. அந்தப் பெண்ணைப் பார்த்து இன்னும் கத்திக்கொண்டிருந்தவர்களை அவர் தடுக்கவில்லை.

மாரிக்கண்ணனின் கால் முறிந்திருந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். அந்தப் பெண் ஷ்ருதி, மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்ப்பெண், ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டாள். அதோடு நிற்காமல், சனிக்கிழமைதோறும் தாராவிக்கு வந்து, சாக்கடையைத் தாண்டி, சந்துக்குள் நுழைந்து, மாரிக்கண்ணனை ஆட்டோவில் ஏற்றிக் காலுக்கு எக்ஸர்சைஸ் செய்யக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டாள். கார் வைத்திருப்பவர்களிலும் மனசாட்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று சந்தே பேசிக்கொண்டது.

செல்லப்பாண்டியையும் புகழ்ந்தார்கள். மாரி விற்கிற தெருக்களுக்கும் சேர்த்து அவர்தான் இட்லி கொண்டுபோனார், அவன் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார், வாசலிலேயே பழியாகக் கிடந்தார். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்" என்று மாரியின் மனைவி மாரிசெல்வி கையெடுத்துக் கும்பிட்டபோது, அந்தக் கையைத் தட்டிவிடலாமா என்றிருந்தது அவருக்கு. சோறு இறங்கவில்லை. சைக்கிளைத் தொட்டால் அந்தக் கரகரப்பு காலில் ஏறியது. சொர்ணம்மாள் கேட்டுப் பார்த்தாள். இவர் வாய் திறக்காததே அவளுக்குப் பெரிய பயமாகிவிட்டது.

ஒருநாள் மாரிசெல்வி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மாரியின் கட்டில் அருகே உட்கார்ந்தார்.

"ஏ மாரி, ஒண்ணு சொல்லணும். அந்தக் கண்ணாடிய நான் பாத்தேன்."

மாரிக்கண்ணன் சுவரைப் பார்த்தபடியே இருந்தான். "தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா?"

"ஹாரன் வரல. அதான் நேரா வந்தேன். விழுந்து கெடக்கும்போதே எனக்குத் தெரியும்."

"பொறவு ஏம்ல யார்ட்டயும் சொல்லல?"

"சொல்லி? உங்களப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கவா? அந்தப் பொண்ணு நல்லாப் பாத்துக்கிடுது. நீங்க சொல்லிட்டியன்னா அது எதுக்கு இங்க வரப்போவுது? எங்கால் நிமிரட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் சும்மா இருங்க. எனக்காவ இருங்க."

மாரிக்கண்ணன் வாழ்நாளில் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். காலை உடைத்துக்கொண்டவனே கேட்கும்போது என்ன செய்ய? செல்லப்பாண்டி தன்னைத்தானே சமாதானம் பண்ணிப் பார்த்தார். கார் வைத்திருக்கிற பெண், படித்தவள், நல்ல வேலை. அவளுக்கு இதில் என்ன பெரிய நட்டம்? தனக்கு வசதியாக இருந்ததாலேயே அந்த நினைப்பைக் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டார். இப்படி நினைத்ததற்காகப் பிறகு அவர் பட்ட வெட்கம், ஹாரன் அடிக்காததற்குப் பட்டதைவிடக் குறைவில்லை.

ஒரு சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோ எதுவும் கிடைக்காமல் ஷ்ருதி நனைந்துபோய் மாரியின் வீட்டு வாசலில் நின்றாள். செல்லப்பாண்டி துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"ஒங்க கார்லயே வந்துரலாம்லாம்மா? எதுக்கு இந்தப் பாடு?"

"வித்தாச்சு அங்கிள்."

"ஏம்மா?"

"நான் இப்போ ஓட்டறதில்லை. ஸ்டியரிங்கைப் பிடிச்சா கை நடுங்கறது. ஆபீஸுக்கு டிரெய்ன்தான்." அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள். "அம்மா வேற. ஆத்துல பால் திரிஞ்சாக்கூட, 'ஒருத்தன் காலை உடைச்சுட்டு வந்தவ இருக்கற ஆத்துல வேற என்ன விளங்கும்'ங்கறா. முதல்ல கோபத்துல சொன்னா. இப்போ நிஜமாவே நம்பறா. நானும்தான்." சற்று நிறுத்திவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க பக்கத்துல இருந்தேளே, அங்கிள். நான் கொஞ்சம் முன்னாடி பிரேக் போட்டிருந்தா வண்டி நின்னிருக்குமோ? நிஜத்தைச் சொல்லுங்கோ. யாரும் சொல்ல மாட்டேங்கறா."

உள்ளே கட்டிலில் மாரிக்கண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். செல்லப்பாண்டி அவனைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஈரத் துண்டைப் பிடித்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள். அதற்கு மேல் அவரால் தாங்கமுடியவில்லை.

"நின்னிருக்காதும்மா. அவன் ஒன் சக்கரத்துக்கு முன்னாலயேல்லா விழுந்தான். தப்பு உம்மேல இல்ல" என்றார். பிறகு டயரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சிரித்ததையும் விடவில்லை.

அவர் முடித்த பிறகு ஷ்ருதி, "அன்னிக்கு பானெட்டை அடிச்சு முதல்ல கத்தினது நீங்கதானே?" என்றாள்.

"நாந்தாம்மா."

அவள் துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "எங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்கோ. நான் சொன்னா, தப்பிச்சுக்கப் பார்க்கறேன்னு நினைப்பா." பிறகு உள்ளே போய், "மழை விட்டுடுத்து, நேரமாச்சு, வாங்கோ" என்று மாரிக்கண்ணனின் தோளைப் பிடித்து எழுப்பினாள். அடுத்த வாரமும் வருவாளா என்று அவனுக்குக் கேட்கத் தைரியமில்லை. செல்லப்பாண்டியைக் கடந்து போகும்போது அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் வியாபாரத்தை முடித்துக்கொண்டு செல்லப்பாண்டி மாட்டுங்காவுக்கு மிதித்தார். அவள் சொன்ன கட்டடத்தில் வாட்ச்மேன் சைக்கிளைப் பார்த்து, யாரோ இட்லிக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று மேலே விட்டுவிட்டான். மணியை அடித்தார். ஷ்ருதியின் அம்மா ஷ்யாமளா கதவைத் திறந்தாள். கட்டைகுட்டையான உருவம், நெற்றியில் விபூதிக் கீற்று, கையில் கரண்டி.

"இட்லிலாம் வேண்டாம்பா. ஆத்துலயே பண்ணியாச்சு" என்று கதவைச் சாத்தப் போனாள்.

செல்லப்பாண்டி கதவில் கையை வைத்தார். "இட்லி இல்லம்மா. நான் மாரிக்கண்ணன் கூட வந்தவன். அன்னிக்கு முன்னால போனவன்."

அவள் நின்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் அவருக்கு வரவில்லை. "ஒங்க பொண்ணு மேல தப்பு இல்லம்மா. நாந்தான். ரோட்டுல கண்ணாடி கெடந்துச்சு. பாத்தேன், சொல்லல. அவன் அதுல ஏறித்தான் விழுந்தான். யாரு ஓட்டிட்டு வந்திருந்தாலும் ஏறித்தான் இருக்கும். ஒங்க பொண்ணு ஒண்ணும் செய்யல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தார்.

"இதைச் சொல்ல இத்தனை நாளாச்சா?" என்றாள் ஷ்யாமளா.

போலீஸ் பயம், மாரியின் கால், மாரி கேட்டுக்கொண்டது என்று சொல்ல அவரிடம் எவ்வளவோ இருந்தது. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. "ஆச்சும்மா" என்றார்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஷ்ருதியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "தினமும் சொன்னேன். சாப்பிடற தட்டுக்கு முன்னாடி உக்காத்தி வச்சுண்டு சொன்னேன். பெத்த வாயால" என்றாள். பிறகு, தெரிந்தவரிடம் வழி கேட்பதுபோல அவரிடமே கேட்டாள்: "சொன்னதையெல்லாம் இப்போ எப்படிப்பா திரும்ப எடுத்துக்கறது?"

செல்லப்பாண்டி வாசலில் நின்றார். உள்ளே குக்கர் கத்தி அடங்கியது.

"அது எனக்கும் தெரியலியேம்மா" என்றார்.