மூணு விளக்குச் சம்பல்

போன ஞாயிற்றுக்கிழமை வடக்கே பிறை என்ற ஊரில் ஹமீது அண்ணன் கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அவர்களுக்குப் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வந்தது, அதன் தலையில் சிவப்பாக ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பல். குடும்பத் தலைவர் கையைத் தூக்கி, "அண்ணே, சம்பல் தம்பா!" என்றார். இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று அர்த்தம். பரிமாறுகிறவர் ஏன் என்று கேட்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். சேலை கட்டியிருந்ததால் காலர் இல்லை, மனத்துக்குள்தான்.

ஒரு கரண்டி சம்பலுக்கு இவ்வளவு அலட்டலா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்குச் சலிப்பதே இல்லை.

நான் தெற்கே ஜொகூர்க்காரி. லாயாங் லாயாங்கில் பிறந்து வளர்ந்தவள். ரயில் நிலையம், எதிரில் ஒரு வரிசைக் கடைகள், அவ்வளவுதான் ஊர். ஆனால் அந்த வரிசையில் எங்களுக்கு மூணு விளக்கு இருந்தது. தமிழ் முஸ்லிம்கள் நடத்திய சாப்பாட்டுக் கடை. குளுவாங்கில் பெரிய கடை, உலு திராமில் ஒன்று, பெக்கோக்கில் நாலே மேசை போட்ட ஒன்று. எல்லாக் கடை வாசலிலும் ஒரே பலகை, பலகையில் மூன்று விளக்குகள். எங்கள் ஊர்ப் பலகையில் இரண்டுதான் எரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? பெக்கோக்கிலிருந்து வரும் சித்தப்பா அவர் ஊர்க் கடையில்தான் ருசி என்பார், நாங்கள் விடமாட்டோம். தீபாவளிக்கு வீட்டில் ஆட்டுக்கறி மணக்கும்போது இந்தச் சண்டை நடக்கும்.

மூணு விளக்கில் ரொட்டி கேட்டால் யாரும் உங்களிடம் எதுவும் விசாரிக்க மாட்டார்கள். ரொட்டியைத் தட்டிப் பிரித்து, துண்டு போட்டு, மேலே பருப்புக் குழம்பை வெள்ளமாக ஊற்றி, அதன் மேல் சம்பலை வைத்துவிடுவார்கள். இனிப்பும் காரமும் புளிப்புமான சம்பல். காலையில் அவர்கள் வெங்காயத்தையும் காய்ந்த மிளகாயையும் வதக்கும் வாசனை ரயில் மேடைவரை வரும். பள்ளிக்கு ரயிலேறும் நாங்கள் அந்த வாசனையை மோந்துகொண்டு, வீட்டில் தின்ற தோசையை மறந்துபோய் நிற்போம்.

வாசனை என்றதும் பூங்காவனம் ஜவுளிக் கடை ஞாபகம் வருகிறது. அதற்கும் குளுவாங்கில், உலு திராமில் கிளைகள். புதுத் துணியும் ரசகற்பூர உருண்டையும் கலந்த வாசனை. தீபாவளிப் பாவாடை வாங்கினால் ஒரு மஞ்சள் பை கொடுப்பார்கள். அந்தப் பை பிறகு மீன் வாங்கப் போகும், கோயிலுக்குப் போகும், கடைசியில் நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது என் செருப்புகளைச் சுமந்துகொண்டு வடக்கே வந்தது.

ஆம், வடக்கே. என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடிய காலம் அது. நான் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். நிர்வாகம் எங்கள் பிரிவை மூடிவிட்டு என்னைப் பிறைத் தொழிற்சாலைக்கு மாற்றியது, கூட இருந்தவர்கள் வர மறுத்துவிட்டார்கள். உலகமே தெற்கே போக, நான் மட்டும் எதிர்த்திசையில் பேருந்து ஏறினேன்.

தொழிற்சாலைக்கு எதிரில்தான் ஹமீது அண்ணன் கடை. முதல் நாள் காலை, ரொட்டி வந்ததும் வழக்கம்போல் கேட்டேன். "அண்ணே, சம்பல்?"

"நாசி லெமாக் சோத்துக்கா வேணும் தங்கச்சி?"

"இல்லண்ணே, ரொட்டிக்கு."

ஹமீது அண்ணன் கரண்டியை நிறுத்திவிட்டார். என்னோடு வந்திருந்த சரசு அக்கா, என் புதுப் பிரிவின் மேற்பார்வையாளர், பக்கத்திலிருக்கும் புக்கிட் மெர்தாஜாம்காரர், சிரித்த சிரிப்பில் அவர் தேநீர் மேசையில் சிந்தியது. "அலமாக்! ரொட்டிக்கு யாருடி சம்பல் கேப்பா? ஜொகூர்ல இப்படித்தான் சாப்புடுவீங்களா? இங்க வந்து மீன் கொழம்பு ஊத்திச் சாப்டு, அப்பத் தெரியும் சாப்பாடுன்னா என்னன்னு."

அன்றிலிருந்து என் பெயர் சம்பல். "சம்பல், ஓவர்டைம் பாக்கிறியா?" "சம்பல், உங்க ஊர்ல பாயசத்துலயும் மொளகா போடுவீங்களாமே?" நானும் சிரித்து வைப்பேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வலித்தது. நாக்குக்கு மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். என் ஊரைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லாத இடத்தில், என் ஊரில் ஒன்றுமே இல்லை என்று தினமும் யாராவது சொல்வதைக் கேட்பது கஷ்டம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சரசு அக்கா வாயாலேயே எங்கள் ஊர்ச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வைக்க வேண்டும். அதற்காகவே அங்கே தாக்குப்பிடித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இதற்கிடையில் நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சரசு அக்காவின் தம்பியையே காதலித்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில்தான் இயந்திரம் பழுதுபார்ப்பவராக இருந்தார். கேலி செய்தவர் நாத்தனார் ஆகிவிட்டார்.

கல்யாணம் லாயாங் லாயாங்கில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். வேன் ஹமீது அண்ணனுடையது, ஓட்டிவந்தவரும் அவரே. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது தவிர. அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளை வீட்டார்! அம்மா அன்று முழுக்க யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதை ஈடுகட்ட மறுநாள் விடியலிலேயே எழுந்து இட்லி, வடை, கேசரி என்று அமர்க்களப்படுத்தினார். சம்பந்தி வீட்டாரைப் பசியாற அழைக்க மண்டபத்துக்குப் போனால் மண்டபம் காலி. வேனையும் காணோம்.

"போச்சு! கோவிச்சிக்கிட்டுப் போய்ட்டாங்க! ஒரு கரண்டி பாயசத்துல என் மானமே போச்சே!" அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தாலி ஏறி ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பாயசம் வந்து நிற்கிறதே! தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையை உலுக்கி எழுப்பி, அப்பாவின் பழைய காரில் ஏறினோம். மஞ்சள் கயிறும் மருதாணிக் கையுமாக, தலைமுடியைக்கூட ஒழுங்காகப் பின்னாமல் நான்.

ரயில் நிலையத்துக்கு எதிரில் தேநீர் போடுகிறவரை விசாரித்தோம்.

"ஒரு வேன்தானே? மூணு விளக்கு எங்கன்னு கேட்டாங்க. இன்னைக்கி இங்க லீவு லா, குளுவாங் கடைக்குப் போங்கன்னு சொன்னேன்."

என் கணவர் காரை எடுத்த வேகத்தில் குளுவாங் எப்படி வந்தது என்றே தெரியவில்லை.

கடை முழுக்க எங்கள் சம்பந்திகள். மேசைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சரசு அக்கா. விரல் ஐந்தும் சிவப்பு, மூக்கு நுனி சிவப்பு, கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்ததும் தட்டை மறைக்கப் பார்த்தார். மறைக்க முடியாத அளவுக்குத் தட்டுகள் அடுக்கியிருந்தன.

"என்னக்கா, கோவமா?" என்றேன்.

"என்னா கோவம்? நேத்தெல்லாம் ஒன் சொந்தக்காரங்க அத்தன பேரும் மூணு விளக்கு, மூணு விளக்குன்னு உயிர எடுத்தாங்க. என்னதான் இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்." இன்னொரு துண்டைச் சம்பலில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு ரொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "சரி லா. நல்லாத்தான் இருக்கு. போதுமா?"

"சத்தமா சொல்லுங்கக்கா."

"நல்லா இருக்குடி! ஒங்க ஊர்ச் சாப்பாடு நல்லா இருக்கு!"

கடையே திரும்பிப் பார்த்தது. நான் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. புகைப்படத்தில் இருப்பது புகைப்படக்காரருக்காகச் சிரித்தது.

ஹமீது அண்ணனை மட்டும் காணவில்லை. தேடினால் சமையல்கட்டில் இருக்கிறார். சமையல்காரர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு! கடைக்காரர்கள் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி "நமக்கு எந்த ஊரு?" என்பதுதானே. இராமநாதபுரம் கடற்கரையில் இரண்டு பேர் ஊரும் அடுத்தடுத்த ஊர்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இரண்டு ஊருக்கும் ஒரே பள்ளிவாசல். வடக்கு, தெற்கு என்று நாங்கள் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டதெல்லாம் இதற்குத்தானா! கேட்டது வேறு ஆளாக இருந்தால் அந்தச் சமையல்காரர் கைப்பக்குவத்தை அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டார். ஊர்க்காரருக்கு வாணலியையே காட்டிக்கொண்டிருந்தார். வெங்காயம் எவ்வளவு நேரம் வதங்க வேண்டும், நெத்திலியை எப்போது இடித்துப் போட வேண்டும், குலா மெலாக்கா வெல்லம் எப்போது கரைய வேண்டும் என்று பாடம் நடந்தது.

வீட்டுக்குத் திரும்பிய சம்பந்திகள் அம்மாவின் இட்லியையும் ஒரு கை பார்த்தார்கள். எப்படித் தின்றார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். அம்மாவின் மானம் காப்பாற்றப்பட்டது. கேசரியில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

பிறைக்கு வந்த பிறகு ஒரு காலை, கேட்காமலேயே என் ரொட்டியின் மேல் சம்பல் வந்தது. "ஒனக்கு மட்டுந்தான். வெளிய சொல்லாத," என்றார் ஹமீது அண்ணன். முதலில் இனிப்பு கூடிப்போனது, பிறகு புளி. நான் தின்று தின்று தீர்ப்புச் சொன்னேன். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன், லாயாங் லாயாங்கில் இருந்தேன். அதற்குள் அடுத்த மேசைக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பிறகு எல்லா மேசைக்கும் போனது. ஹமீது அண்ணனின் பிள்ளைகள் தலையெடுத்துக் கிளைகள் திறந்தபோது எல்லாக் கிளைக்கும் போனது.

அந்த வருஷங்களில்தான் மூணு விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது. முதலில் பெக்கோக், பிறகு எங்கள் ஊர், பிறகு உலு திராம். முதலாளியின் பிள்ளைகள் சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளுவாங் கடை கடைசியாக மூடியது. பூங்காவனம் அதற்கு முன்பே போய்விட்டது.

இந்தப் பொங்கலுக்குக் குளுவாங் போனபோது, மூணு விளக்கு இருந்த அதே வரிசையில் ஹமீது அண்ணன் கடையின் புதுக்கிளையைப் பார்த்தேன். ஜொகூரில் முதல் கிளை. உள்ளே போய் ரொட்டி கேட்டேன். சம்பலோடு வந்தது. கல்லாவில் இருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியாது. பிறையிலிருந்து வந்த பெண் போல, பேச்சிலேயே தெரிந்தது. நான் தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள். "எங்க வடக்கு சம்பல்க்கா இது. ஜொகூர்ல வேற எங்கயும் கெடைக்காது."

"ஆமாம்மா, கெடைக்காது," என்றேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இன்னொரு ரொட்டி கொண்டுவரச் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் என்று ஓடிப்போய்ச் சொல்ல மூணு விளக்குதான் இல்லை.