செயலாளர் கேரியரில் வந்தார்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புது நாலுவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் கார் ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. ஒதுங்க ஒரு மரம் இல்லை. வண்டிகள் என்னைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லாமல் பறந்தன. இந்தச் சாலையே வேண்டாம் என்று ஒரு காலத்தில் மனு எழுதியவன் நான். சாலைக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

போன் போட்டதும் பஞ்சர் பார்ப்பவர் ஒருவர் பைக்கில் வந்தார். பையிலிருந்து சொல்யூஷனை எடுத்து அவர் திறந்ததுதான் தாமதம், பெட்ரோலும் ரப்பரும் கலந்த அந்த வாசனை என்னை நேரே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சிக்கந்தர் அண்ணனின் சைக்கிள் கடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

சிக்கந்தர் அண்ணன் வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்கிற காலத்திலேயே வாடகைக்குச் சைக்கிள் எடுக்க ஆள் கிடையாது. வண்டிகள் எல்லாம் சுவரில் சாய்ந்து தூங்கும். அவர் மட்டும் தினமும் காலையில் ஒவ்வொன்றுக்கும் காற்றடித்து, பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்து, திரும்பவும் சாய்த்து வைப்பார். பக்கத்து ஆப்செட் அச்சகத்தில் நான் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். டீ வாங்கினால் அவர் கடையில் உட்கார்ந்துதான் குடிப்பேன். இவ்வளவுதான் எனக்கும் சைக்கிளுக்கும் இருந்த உறவு. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் காலையில் வயல்களிலும் மாந்தோப்புகளிலும் அளவுக்கல் நட்டிருந்தார்கள். நாலுவழிச் சாலை வருகிறது, தோப்பை அறுத்துக்கொண்டு, கண்மாய்க் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது என்றார்கள். அன்று சாயங்காலமே சிக்கந்தர் அண்ணன் கடையில் கூட்டம் கூடிவிட்டது. இருக்கிற ரோட்டைச் சரிசெய், காலையும் மாலையும் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பாசஞ்சர் ரயில் விடு, டவுன் பஸ்ஸைக் கூட்டு, ஓரத்தில் சைக்கிளுக்கு வழி விடு, கண்மாயைத் தொடாதே என்பதெல்லாம் எங்கள் கோரிக்கை. எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். சிக்கந்தர் அண்ணன் தலைவர்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் முக்கியமானவர் தோப்பு ராஜு. அப்படித்தான் ஊரில் அவரைச் சொல்வார்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பெரிய மாந்தோப்பு. அதன் நடுவில்தான் கல் நட்டிருந்தார்கள். வாகனங்கள் பெருகிவிட்டதைக் கண்டித்து அவர் கூட்டந்தோறும் ஆவேசமாகப் பேசுவார். பேசி முடித்ததும் யாராவது போய், அவர் தெருவை அடைத்து நிறுத்தியிருக்கும் காரை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இன்னொருவர் மரியபுஷ்பம் அக்கா. நூல் மில்லில் வேலை. வீடு வரப்போகிற ரோட்டுக்கு இந்தப் பக்கம், மில் அந்தப் பக்கம். கூட்டத்தில் பேசவே மாட்டார். ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு வந்து சைக்கிள் ஸ்டாண்டு மேல் சாய்ந்து கேட்டுவிட்டுப் போவார்.

முதல் சண்டை சாலையோடு இல்லை, பெயரோடு. குழுவின் பெயரில் எந்த ஊர் முதலில் வருவது? ஆண்டாள் பிறந்த ஊர் இரண்டாவதாக வருமா என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கேட்டார்கள். கூட்டம் நடப்பது எங்கள் ஊரில், டீச் செலவும் எங்களது என்று ராஜபாளையத்துக்காரர்கள் சொன்னார்கள். இதிலேயே சில கூட்டங்கள் போயின. கடைசியில் நான் யாருக்கும் சொல்லாமல் இரண்டு விதமாக நோட்டீஸ் அடித்துவிட்டேன். அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர் முதலில். ஆனால் கட்டு மாறிவிட்டது. எங்கள் ஊருக்கு அவர்கள் பெயர் முந்திய நோட்டீஸும், அவர்கள் ஊருக்கு எங்கள் பெயர் முந்திய நோட்டீஸும் போய்ச் சேர்ந்தன. ஆனால் யாரும் சண்டைக்கு வரவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும், போனால் போகிறது என்று தாங்கள்தான் பெரிய மனசோடு விட்டுக்கொடுத்ததாக இன்றுவரை நம்புகிறார்கள். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு சைக்கிள் பேரணி என்று முடிவாயிற்று. ராஜபாளையத்தில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கே அதிகாரியிடம் மனு கொடுப்பது. சிக்கந்தர் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தூங்கிய சைக்கிள்களை எல்லாம் எழுப்பி, எண்ணெய் போட்டு, சும்மாவே கொடுத்தார். அன்று காலையில் ஒரு பச்சை ராலே சைக்கிளைத் துடைத்து என் முன்னால் நிறுத்தி, "ஏலே செக்ரட்டரி, இது ஒனக்குன்னே வச்சேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். "நோட்டீஸ்ல சைக்கிள் ஓட்டுனா எம்புட்டு நல்லதுன்னு அம்புட்டு எழுதிருந்தியே?"

"கேள்விப்பட்டத எழுதுனேண்ணே."

மரியபுஷ்பம் அக்கா அதிகம் யோசிக்கவில்லை. "கேரியர்ல ஏறு. ஆடாம ஒக்காரு. ஆட்டுனா எறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்" என்றார். பச்சை ராலேயை மைக் செட் ஆட்டோவின் மேல் கட்டினார்கள். பேரணி கிளம்பியது. முன்னால் தலைவர், நடுவில் மில் பெண்கள், அவர்களில் ஒருவரின் முதுகுக்குப் பின்னால், மனுவை நெஞ்சோடு அணைத்தபடி செயலாளர்.

தோப்பு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே ராஜுவின் வெள்ளை நாய் எங்களைப் பார்த்துவிட்டது. ராஜபாளையம் நாய் என்றால் உங்களுக்குத் தெரியும், வளர்ப்பவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் திருடர்கள் அதற்கு. நான் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டேன். சைக்கிள் ஆடியது. ஆட்டாதே என்று அக்கா முன்னால் பார்த்துக்கொண்டே திட்டினார். ஆளாளுக்குப் போ போ என்று விரட்டினோம். அது கேட்பதாக இல்லை. வியர்க்க விறுவிறுக்க மிதித்து வந்த ராஜு, "ஒத்து ரா, ஒத்து" என்று தெலுங்கில் ஒரு சத்தம் போட்டார். நாய் உடனே உட்கார்ந்துவிட்டது. அதற்குத் தமிழ் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்தக் கலவரத்தில் வரிசை கலைந்து நாங்கள் ரோடு முழுக்கப் பரவிவிட்டோம். திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள். பஸ், பஞ்சு லாரி, கரும்பு டிராக்டர், மாப்பிள்ளை வேன். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஜீப். அதிலிருந்து ஒருவர் இறங்கி வெயிலில் நடந்து வந்தார். யாரிடம் மனு கொடுக்கப் போகிறோமோ, அதே அதிகாரி. காலையில் எங்கள் ஊரில் ஏதோ கூட்டத்தை முடித்துவிட்டு, எங்களிடம் மனு வாங்குவதற்காகத் திரும்பிக்கொண்டிருக்கிறார்.

அவர் பின்னால் நிற்கும் வண்டிகளைக் காட்டினார். "இதுக்குத்தாங்க நாலு வழி வேணும்ங்கிறோம்" என்றார் அமைதியாக.

நான் மனுவால் முகத்தை மறைத்துக்கொண்டேன். இத்தனை மாதம் பேசியதற்கெல்லாம் ஒரே வரியில் பதில், அதற்கான சாட்சியையும் நாங்களே கூட்டி வந்திருக்கிறோம். சிக்கந்தர் அண்ணன்தான் மெல்ல ஆட்டோ மேல் பார்த்தார்.

"சார், ஜீப்பு வர செத்த நேரமாவும். மேல ஒரு வண்டி சும்மாதான் வருது. இறக்கட்டுமா?"

அதிகாரி சிரித்துவிட்டார். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். ஆனால் அவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பச்சை ராலேயில் ஏறினார். கல்லூரிக்குப் பிறகு ஓட்டவில்லையாம். முதலில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு பெல் அடிக்க ஆரம்பித்தார். தேவையே இல்லாத இடத்தில் எல்லாம் அடித்தார். எங்களைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்து, இவர் யார், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். செயலாளர் என்றார்கள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அதுவே பெரிய மரியாதை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அலுவலகத்து வேப்பமரத்தடியில் மோர் குடித்துவிட்டு மனுவை வாங்கினார். முழுதும் படித்தார். பிறகு, "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ரோடு வரும். நிறுத்துறது என் கையில இல்ல. வேற ஏதாவது ஒண்ணு கேளுங்க, கண்டிப்பா எழுதி அனுப்புறேன்" என்றார்.

எல்லோரும் ராஜுவைப் பார்த்தோம். சாலை போகிற கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னால் தோப்பு பிழைக்கும். அவர் தாத்தா வைத்த மரங்கள். ராஜு துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மரியபுஷ்பம் அக்காவைக் கைகாட்டி, "தோப்ப தள்ளுனா இன்னொருத்தன் வயலுக்குப் போவும். அந்தப் பொண்ணு என்ன கேக்குதோ அத எழுதிக்கோங்க" என்றார்.

கூட்டத்தில் அக்கா பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "வீடு இந்தப் பக்கம், மில்லு அந்தப் பக்கம். அம்புட்டு பெரிய ரோட்ட நாங்க எப்படி சார் தாண்டுவோம்? அடியில ஒரு வழி விடச் சொல்லுங்க. சைக்கிள விட்டு எறங்காமப் போணும்."

வருடங்கள் கழித்துச் சாலை வந்தது. ரயில் வரவில்லை. தோப்பில் பாதி போயிற்று. சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை மட்டும் வந்தது, நாங்கள் கேட்ட இடத்திலேயே. முதல் மழையில் அதில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கண்மாயைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டீர்கள், கூடுதலாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள் என்று ஊரில் எங்களைக் கிண்டல் செய்தார்கள். ஆனாலும் அந்த மழைக்கு முன்னால், பாதை திறந்த அன்று மரியபுஷ்பம் அக்கா இறங்காமல் மிதித்து அந்தப் பக்கம் போனார். நாங்கள் கை தட்டினோம். ராஜுதான் அதிக நேரம் தட்டினார்.

பஞ்சர் ஒட்டி முடிந்ததும் அந்தச் சுரங்கப்பாதை வரை போய்ப் பார்த்தேன். உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. பாதை திறந்த கொஞ்ச நாளிலேயே மில்லை மூடிவிட்டார்கள். அக்கா திருப்பூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். சிக்கந்தர் அண்ணனின் மகன் அதே இடத்தில் பேட்டரி ஸ்கூட்டர் விற்கிறான். அண்ணன் வாசலில் உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களிடம் இது உங்களுக்கு அவசியமா என்று கேட்கிறாராம்.

மில் ஓடிய காலத்தில் சாயங்காலம் சங்கு ஊதியதும் பழைய ரோட்டில் பஸ்ஸெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றுவிடும். பெண்கள் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து பேசிக்கொண்டே சைக்கிளில் போவார்கள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு டிரைவரும் ஹாரன் அடிக்க மாட்டார். அவர் வீட்டு ஆளும் அந்தக் கூட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். கண்டக்டர் இறங்கி நின்று, யாரோ ஒரு அக்காவிடம் வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்புவார்.

இப்போது அத்தனை பேரும் கை வீசிப் போகலாம் என்கிற அளவுக்கு அகலமாகத்தான் ரோடு போட்டிருக்கிறார்கள். ஆடுகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மேலே வண்டிகள் போகும் சத்தம் விடாமல் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிளும் வரவில்லை.