பிள்ளையைத் தூக்கிப் போனவன் கதை

போடியில் ஏலக்காய் மூட்டை சேர்த்து வைக்கிற கிட்டங்கிகளில் காய் பொறுக்கப் போகிற பெண்களிடம் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வட்டமாகச் சுளகோடு உட்கார்ந்து, பச்சை மாறாத பருங்காயை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம் என்று ஒதுக்குவோம். எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் கதை வாசிக்க வேண்டும். வாசிக்கிறவளுக்குக் கூலி போய்விடக் கூடாது என்று மற்றவர்கள் பொறுக்கிய காயில் ஆளுக்கொரு கை அள்ளி அவள் கூடையில் போடுவார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் எங்கள் கிட்டங்கியில் அந்த வேலை எனக்கு வாய்த்தது. எழுபதுகளின் கடைசி அது.

வாடகைக்குப் புத்தகம் விடுகிற கடையிலிருந்து ஒரு மழைக்காலத்தில் அந்தக் கதையை எடுத்து வந்தேன். வாரப் பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. ஒரு மில் முதலாளியின் கார் டிரைவர். அவன் மகளுக்கு வலிப்பு வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக முதலாளி காரைத் தரவில்லை, பிள்ளை செத்துப்போனது. அவன் முதலாளியின் மகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பாழடைந்த வீட்டில் வைத்துக்கொள்கிறான். பணம் கேட்டுக் கடிதம் எழுத உட்காருவான், எழுத மாட்டான். அந்தப் பிள்ளைக்குத் தலை சீவிவிடுவான், காய்ச்சல் வந்தால் முழித்துக் கிடப்பான். தன் மகளுக்கு வாங்கி வைத்த ரிப்பனை அவன் அந்தப் பிள்ளையின் தலையில் கட்டுகிற இடத்தில் நானே அழுதுவிட்டேன்.

கிட்டங்கி இரண்டாகப் பிரிந்துபோனது. எங்களில் மூத்த விதவை ஒருத்தி, அவன் செய்ததில் ஒரு தப்பும் இல்லை, தூக்கிப் போனது பிள்ளையை இல்லை, அந்த முதலாளியின் திமிரை என்றாள். ஜீப்பு டிரைவர் பெண்டாட்டி ஒருத்தி, என் வீட்டுக்காரர் இப்படிச் செய்தால் ஊர் சும்மா விடுமா, கதையென்றால் மட்டும் அழுகிறீர்களே என்று சண்டைக்கு வந்தாள். புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு அந்த டிரைவர் மேல் ஆசையே வந்துவிட்டது. "ஏன்டி, உன் மாமனை ஒரு நா வந்து உன்னையத் தூக்கிட்டுப் போகச் சொல்லவா?" என்று அவளைச் சீண்டுவார்கள். மேசையில் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்கிற கணக்குப்பிள்ளை, இப்படிக் கதை எழுதினால் நாளைக்குக் கண்டவனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவான் என்றார்.

"உங்களுக்கென்ன பயம்ணே? உங்களத் தூக்கணும்னா லாரியில்ல கொண்டாரணும்" என்றாள் விதவை. அவரே சிரித்துவிட்டார்.

எனக்கு மட்டும் சாயங்காலம் விளக்கேற்றும்போது மனது உறுத்தும். பிள்ளையைத் திருடியவனுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு அதே கண்ணால் சாமியைப் பார்க்கிறோமே என்று இருக்கும். மறுநாள் கிட்டங்கிக்குப் போனால் மறுபடியும் அழுவேன்.

தேவாரம் ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தி எங்களோடு இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ரிப்பன் கட்டுகிற இடம் வாசித்த அன்று எல்லோர் கையும் என் கூடைக்கு வந்தது, அவள் கை மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாவது நாள் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தப் பிள்ளையப் பெத்தவ என்ன செஞ்சா? அதைப் படிங்க."

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். தாய் மயங்கி விழுந்தாள் என்று ஓரிடத்தில் இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்று இன்னோரிடம். அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"சோறு தின்னாளாமா?" என்றாள்.

அவள் சங்கதி எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புருசன் செத்த துக்கத்துக்கு மலையிலிருந்து அவனுடைய அக்கா வந்திருந்தாள். கேரளத்து ஏலத்தோட்டத்தில், கூலிக்காரர்களுக்குக் கொடுக்கிற லயத்து வீட்டில் இருப்பவள், பிள்ளை இல்லாதவள். ஒரு மாசம் என்னிடம் இருக்கட்டும், நீ நிமிர்ந்துகொள் என்று இவளுடைய ஒரே மகளைக் கூட்டிப்போனாள். பிறகு மழை என்றாள், ஜீப்பு இல்லை என்றாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்றாள். மூன்று வருசம் ஓடிவிட்டது. நாங்கள் யாருமே அதைப் பிள்ளையைத் தூக்கிப் போனதாக நினைக்கவில்லை. அத்தைக்கு இல்லாத உரிமையா, அங்கே வயிறாரத் தின்கிறதே என்றுதான் பேசினோம். அவளைப் பெற்ற அம்மாவே அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"அவனும் தலை சீவித்தான் விட்டான்" என்றாள் தேவாரத்துப் பெண். "என் பிள்ளைக்கும் அங்க யாரோ சீவித்தான் விடுறாக. நான் எம்புட்டு நாளு வெறும் சீப்பக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு எந்தக் கதையில எழுதுவாக?"

அடுத்த திங்கட்கிழமை தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் போடிமெட்டுக்கு ஏறினாள். துணைக்கு நானும் போனேன். போகும்போது மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்துவிட்டுத்தான் போனேன். சண்டை வரும் என்று பயந்தேன். சண்டையே வரவில்லை. நாத்தனார் எங்களைப் பார்த்ததும் பேசாமல் உள்ளே போய்ப் பிள்ளையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். கம்பளிச் சட்டையைக் கொடுக்கும்போது மட்டும், "குளிருக்கு மூக்கடைக்கும், நெஞ்சுல தைலம் தேச்சு விடணும்" என்றாள். பெற்றவளுக்கு அது தெரியாது. சரி மதினி, சரி மதினி என்று புதிதாகப் பாடம் கேட்கிறவள்போலத் தலையாட்டினாள்.

பிள்ளை ஜீப்பில் ஏற மாட்டேன் என்று, "ஞான் வரில்லா, ஞான் வரில்லா" என்று மலையாளத்தில் அழுதது. அத்தையைத்தான் அம்மா என்று கூப்பிட்டது. வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்தது. மலையிறங்கும்வரை பெற்றவள் முந்தானையை ஏந்திக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் கதையை வாசிக்கச் சொல்லவில்லை. புத்தகம் என் பையிலேயே கிடந்தது. அம்மனுக்கு முடிந்த காசைச் செலுத்தப் போனவள், யாருக்காக என்ன சொல்லிச் செலுத்துவது என்று தெரியாமல் சந்நிதியில் நின்றேன்.

மழை விட்ட பிறகு ஒரு மத்தியானம் அந்த நாத்தனார் கிட்டங்கி வாசலில் வந்து நின்றாள். எல்லோர் கையும் நின்றுபோனது. தேவாரத்துப் பெண் எழுந்திருக்கவில்லை.

"உள்ள வாங்க மதினி. பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கு. சாயங்காலம் பாத்துட்டுப் போங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "பாத்துட்டுப் போங்க" என்றாள்.

நாத்தனார் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். விதவைதான், அந்தக் கதையையாவது படித்து முடியேன் என்றாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். "படிங்க" என்றாள் தேவாரத்துப் பெண்.

படித்தேன். டிரைவர் பிள்ளையைத் தாயின் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானாக நடந்து போகிறான். அதோடு கதை முடிந்தது. அன்றைக்கு அவன் நல்லவனா கெட்டவனா என்று யாரும் வாதாடவில்லை. சுவர் ஓரத்திலிருந்து மெல்லக் கேட்டாள் நாத்தனார்.

"அந்தப் பிள்ளை பொறகு அவனை நெனச்சுச்சா?"

நான் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் இல்லை.

"நெனைக்கும் மதினி" என்றாள் தேவாரத்துப் பெண். "தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து உங்களத்தேன் தேடுது. நான் தைலம் தேய்க்கிறேன், அப்பவும் உங்களத்தேன் தேடுது."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து கணக்குப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தலை நிமிராமலே போ என்று கையைக் காட்டினார். பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே இருவரும் கிளம்பினார்கள். பிள்ளையை அழைத்துவரச் சேர்ந்துதான் போனார்கள்.

அவள் சுளகில் பாதிக் காய் பொறுக்காமல் கிடந்தது. ஆளுக்கொரு கை அள்ளிப் பொறுக்கி அவள் கூடையில் போட்டோம்.