எண்ணிக்கொண்டிருந்தவர்

நெய்யாற்றின்கரைக் கச்சேரி முற்றத்தில் மனு எழுதிக்கொண்டிருந்த ஒருவர், ஊமைப்படம் எடுக்கிறேன் என்று பள்ளிக்கூட வாத்தியாரான என்னைப் பிடித்து நடிக்க வைத்தார். ஒல்லியான ஆள். இரண்டு மனுவுக்கு நடுவே தன் படத்துக்கான கதையில் இரண்டு வரி எழுதுவார். உதடு மட்டும் எப்போதும் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும்.

ஏன் என்பது பாறசாலையில் அவர் வீட்டுப் பின்புறத்தில்தான் புரிந்தது. ஒரே காட்சியில் நான் இரண்டு ஆளாகத் தெரியவேண்டுமாம். காமிராவின் கண்ணாடியில் பாதியை மூடி, கைப்பிடியை எண்ணி எண்ணிச் சுற்றி, என்னை வலப்பக்கம் எடுத்தார். அதே எண்ணிக்கை பின்னோக்கிச் சுற்றிவிட்டு மறுபாதியில் எடுக்கவேண்டும். திறந்து பார்க்க வழியில்லை. வெளிச்சம் பட்டால் படச்சுருள் போச்சு. இருந்ததே அந்த ஒரு சுருள்.

பின்னோக்கிப் பாதி சுற்றியிருப்பார். அவர் மனைவி வேலியோரம் வந்து நின்று சொன்னார்.

“பிள்ளைக்குக் காய்ச்சல் கூடீட்டு. வைத்தியரை விளிச்சிட்டு வாருங்கோ.”

இவர் கை நிற்கவில்லை. உதடும் நிற்கவில்லை. அந்த அம்மா நகரவும் இல்லை.

“இன்னா வாறேன்,” என்றார் கடைசியில். சொன்னதும் கை நின்றுவிட்டது.

“சாரே, எத்தன ஆச்சு?”

நான் எண்ணவில்லை. முகத்தில் அரிசிமாவைப் பூசிக்கொண்டு சும்மா நின்றிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. காமிராமேல் கறுப்புத் துணியைப் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு நடந்தார்.

பிள்ளை பிழைத்தது. படத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் யாராவது ஆட்டுக்கல் சுற்றக் கண்டால் என் உதடு எண்ணத் தொடங்கிவிடுகிறது. நூறைத் தொடுவதற்குள் வீட்டிலிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.